சீனச் சமையல்காரரின் கால்

எண்பதுகளில் ஒரு காலை, சுவிஸின் பேர்ண் நகர ட்ராமில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழர் கதைத்துக்கொண்டு வந்தார்கள். இளையவருக்குச் சீன உணவகமொன்றில் குசினி வேலை.

"எங்கட சீனச் சமையல்காரருக்கு இப்ப சீனச் சாப்பாடுதான் மருந்து, அண்ணை."

"என்ன கதை இது?"

"சீனாவில, அவற்ற ஊரில, அவைக்கு இறைச்சி புதுவருசத்துக்கு மட்டும்தானாம். மற்ற நாளெல்லாம் கீரையும் சோயாவும். இஞ்ச வந்து மூண்டு நேரமும் இறைச்சி, சீஸ், சொக்லேட். இரத்தத்தில சீனி கூடிச் சலரோகம் வந்து கால்புண் ஆறேல்லை. கால்விரலை வெட்டி எடுக்கவேணும் எண்டு டொக்டர்மார் சொன்னவை."

"பிறகு?"

"அவற்ற மனுசி சீனாவில இருந்து வந்து சேர்ந்தா. டொக்டரின்ர மருந்தோட, பழையபடி கீரையும் அவிச்ச மீனும் குடுத்தா. அவர் கோவிச்சுத் தட்டைத் தள்ளிவிட்டார். அவ தானும் சாப்பிடாமல் முன்னால இருந்திட்டா. அதுக்குப் பிறகுதான் சாப்பிடத் தொடங்கினவர்."

"இப்ப எப்பிடி?"

"புண் காய்ஞ்சிட்டுது. விரலும் தப்பிட்டுது. நேற்றுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்."

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் சலரோகம் எண்டு போன கிழமை சொன்னவை. என்ர மனுசி இன்னும் யாழ்ப்பாணத்தில. அந்தச் சீன மனுசி என்னென்ன சமைக்கிறா எண்டு கேட்டுச் சொல்லுவியோ?"

"ஏன் கேக்கவேணும்? அவ எங்கட குசினியிலதான் அவருக்குச் சமைச்சுக் குடுக்கிறவ. மத்தியானம் அங்க வாங்கோ அண்ணை. அவையோட இருந்தே சாப்பிடுவம்."