துடைத்தும் போகாத நிழல்

இத்தாலிய நகரமொன்றின் சீசா பகுதியில் நான் ஏறிய பேருந்து வழக்கம்போல நெரிசலில் நின்றுவிட்டது. முன்னிருக்கையில் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள். கேட்காமல் இருக்க வழியில்லை.

“டிவியிலை சினியோரா ஆடுறா, அவவின்ரை பாவாடைக்கு மேலை ஒரு ஆம்பிளையின்ரை நிழல். ஊத்தையெண்டு நினைச்சு நான் துணியாலை துடைச்சன். போகேல்லை,” என்றார் சன்னலோரம் இருந்தவர்.

“ஆர், நீ வேலை செய்யிற வீட்டு முதலாளியம்மா, அந்தச் சினியோராவோ?” என்றார் மற்றவர்.

“ஓம். டிவி வந்த புதுசிலை பாட்டு நாடகங்களிலை ஆடினவ. எல்லாம் நேரடியாப் போனது, ஆரும் பதிஞ்சு வைக்கேல்லை. அவவின்ரை மனிசன்தான் வீட்டு டிவிக்கு முன்னாலை கமராவோடை நிண்டு படம் பிடிச்சவர். அந்த ஒரு படச்சுருள்தான் மிச்சம்; அதை மாத்தி எடுத்துத்தான் இப்ப டிவியிலை போடுறா. சத்தமும் இல்லை, பாட்டை அவவே முணுமுணுக்கிறா.”

“அப்ப அந்த நிழல்?”

“மனிசன்தான். டிவிக் கண்ணாடியிலை அவரும் தெரிஞ்சிருக்கிறார். பழைய படங்களைச் சேமிக்கிற இடத்திலை குடுத்தம். நிழலைக் கொம்பியூட்டரிலை அழிச்சு, ஆட்டத்தைத் துப்புரவாத் தாறம் எண்டவை.”

“நல்லதுதானே.”

“சினியோரா விடேல்லை. மனிசன் உயிரோடை இருக்கேக்கை எப்பவும் கமரா அவரின்ரை கையிலைதானாம். அவர் அசையிற படம் வேறை ஒண்டும் இல்லையாம்.”

மற்றவர் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். பேருந்து நகரத் தொடங்கியது.

“இப்பவும் டிவியைத் துடைக்கிறனியோ?”

“துடைக்கிறனான். அந்தப் படம் ஓடேக்கை மட்டும் துடைக்கிறேல்லை.”