கார் நேராகத்தான் இருந்தது

உலகின் பெரும் வீழ்ச்சிகள் எல்லாம் மெக்கானிக் கடை பெஞ்சில்தான் தொடங்கின என்பது என் உறுதியான கருத்து. ஒரு மனிதன் தன் சொந்தக் காரை இன்னொருவன் கையில் ஒப்படைத்துவிட்டு, அந்த பெஞ்சில் உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, காருக்கு அடியிலிருந்து வரும் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டுகிறானே, அப்போது அவனுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுகிறது. எந்த ஸ்பேனரை வைத்தும் அதைத் திரும்ப முடுக்க முடியாது. கல்லூரி ஆண்டு மலரில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு எங்கள் துறைத் தலைவர் தலையாட்டினார். அது அவர் பிரச்சினை.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் செய்த எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கொள்கை இருந்தது என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டுக் கார் எனக்கு மூத்தது. கிட்டத்தட்ட அண்ணன் மாதிரி. என்னைவிட அதிகச் செல்லம், என்னைவிடக் குறைவான பேச்சு. அதை ஓட்டுகிறவர் அப்பா. அப்பா பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இடது எது, வலது எது என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நடுத்தெருவில் நடந்து போனால் எதிரே வருகிற வளர்ந்த ஆட்கள் தங்களை அறியாமல் தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வீட்டிலும் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியின் முதுகு எங்கள் வீட்டில் துண்டு காயப்போட மட்டுமே பயன்பட்டது. ஆண்டுதோறும் பள்ளி விளையாட்டு விழாவில் மாணவர் அணிவகுப்புக்கு முன்னால் அவர் நடப்பார். அந்த ஒரு நடைக்காகத்தான் வருஷம் முழுக்க அந்த மனுஷன் சாப்பிடுகிறார் என்பாள் அம்மா.

நானும் சின்ன வகுப்பில் ஒருமுறை அந்த அணிவகுப்பில் இருந்தேன். எல்லோரும் வலது பக்கம் திரும்பியபோது நான் இடது பக்கம் திரும்பி, தன்னந்தனியாக, மிகுந்த நம்பிக்கையோடு தண்ணீர்த் தொட்டி வரை நடந்து போய்விட்டேன். மைதானமே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருவோம். ஒரு நாள் கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் ணங்கென்று ஒரு சத்தம். அன்றிலிருந்து கார் ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து, யாரோ சொல்லும் ரகசியத்தைக் காது கொடுத்துக் கேட்பதுபோல நின்றது. அப்பா ஒரு பார்வை பார்த்தார். இடது பக்கம், பின்னாடி, சுருள் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, கடையில் விட்டுவிடலாம் என்றார். நானே மாற்றுகிறேன் என்றேன். அம்மா, போன தடவை நான் குழாயைச் சரிசெய்த பிறகு குடும்பமே பக்கத்து வீட்டில் குளித்ததை நினைவுபடுத்தினாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அப்போது எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். நல்ல கனமான மனிதர். அவர் எடை பின்னால் முக்கியமாகப் போகிறது. "பையன் ஆசைப்படுறான், விடுங்க மாமா. கார்தானே, கழண்டா திரும்ப மாட்டிக்கலாம்" என்று அப்பாவிடம் எனக்காகப் பேசியவர் அவர்தான். இந்தக் குற்றத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.

உதிரிபாகக் கடைக்காரர், ஸ்பிரிங்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் என்றார். வியாபாரத் தந்திரம் என்று எனக்குத் தெரியாதா? ஒன்று மட்டும் வாங்கினேன்.

வேலை எளிமையானது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டால் ஆக்சில் இறங்கும். ஸ்பிரிங்கைக் கையாலேயே உருவிவிடலாம். காரைத் தூக்கி நிறுத்தியதும் நான் பின்னாலிருந்து தலையை உள்ளே விட்டு, மல்லாந்து படுத்துக்கொண்டு நிலைமையை ஆராய்ந்தேன். இரண்டு ஸ்பிரிங்குகளின் அடிப்பகுதிகளும் ஒரே மாதிரி சேறு மூடிக் கிடந்தன. அப்பா இடது என்று சொல்லியிருந்தார். என் இடது கைப் பக்கம் இருந்த சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். வெளியே வந்து அந்தச் சக்கரத்தைக் கழற்றினேன்.

அந்த போல்ட் துருப்பிடித்து, கல்யாணமான புதுத் தம்பதி மாதிரி பிரிய மறுத்தது. எண்ணெய் ஊற்றினேன். ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, குழாயின் மேல் ஏறி நின்றேன். கெஞ்சினேன். மதியச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிட்டபோது அது கழன்றது. பழைய ஸ்பிரிங்கை உருவி, சேற்றைத் துடைத்துப் பார்த்தேன்.

அது முழுதாக இருந்தது.

மேலிருந்து கீழ் வரை, ஒரு கீறல் இல்லாமல், கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. அப்போதுதான் எனக்கு ஓர் அறிவியல் உண்மை புலப்பட்டது. காரின் மூக்கு இருக்கும் திசையில் தலையை வைத்து மல்லாந்து படுத்தவனின் இடது கை, காரின் வலது பக்கத்தில் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் எழுந்து போய், பக்கம் மாறிப்போச்சு என்று சொல்லியிருப்பான். ஆனால் அந்தச் சாதாரண மனிதனின் அப்பா, வாழ்நாள் முழுக்க இடது-வலது சொல்லிச் சம்பளம் வாங்கியவர் அல்ல. எனக்குத் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிந்தது. அமைதியாகப் புது ஸ்பிரிங்கை எடுத்து, நன்றாக இருந்த வலது பக்கத்தில் மாட்டினேன். உடைந்தது இடது பக்கத்தில் அப்படியே இருந்தது.

காரை இறக்கியபோது மாமா கைதட்டினார். கழற்றிய ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கேடா உடைஞ்சிருக்கு என்று கேட்டார். உடைவு உலோகத்துக்கு உள்ளே இருக்கிறது, சில மனிதர்களைப் போல வெளியே தெரியாது என்றேன். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கல்யாணம் அப்போதுதான் தட்டிப்போயிருந்தது.

அப்பா தெருவை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"இப்ப இன்னும் அதிகமா சாயுதேடா."

"இல்லப்பா. கார் நேராத்தான் இருக்கு."

"இடது பக்கம் சாயுது."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "நீங்க உங்க தோளை என்னைக்காவது கண்ணாடியில பார்த்திருக்கீங்களாப்பா?"

வேறு எதையும் நான் சொல்லவில்லை. நன்றாகக் கவனியுங்கள், அப்பா சாய்ந்திருக்கிறார் என்று நான் ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். கேள்வி கேட்பது மாணவனின் கடமை.

மறுநாள் அப்பா பக்கத்தில் கட்டடம் கட்டுகிற கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்தார். எங்கள் வாசலில் தரை ஓரிடத்தில் சரிந்திருக்கும். கார் எந்த அளவுக்கு இடது பக்கம் தாழ்ந்ததோ, தரை அந்த அளவுக்கு இடது பக்கம் உயர்ந்திருக்கும் இடத்தை நான் காலையிலேயே கண்டுபிடித்து அங்கே நிறுத்தியிருந்தேன். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. அப்பா அந்தக் குமிழியை வெகு நேரம் பார்த்தார். பிறகு ரசமட்டத்தைத் தன் தோளில் வைத்துப் பார்த்தார்.

வெளியே போகும்போது மாமாவை வலது பக்கப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். அந்தப் பக்கம்தான் காற்று நன்றாக வரும் என்றேன். மாமா உட்கார்ந்தால் கார் கிட்டத்தட்ட நேராகும். மாமா இறங்கினால் திரும்பச் சாயும். ஒருநாள் பாதி வழியில் மாமா இறங்கிக்கொள்ள, அப்பா ஓட்டிக்கொண்டே தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அந்த நொடியில் என் ஆராய்ச்சி சரியான பாதையில் போவதாக உணர்ந்தேன்.

பிறகு கூடத்தில் இருந்த கண்ணாடியின் ஆணியைக் கொஞ்சம் நகர்த்தினேன். சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது, அவ்வளவுதான். அதில் ஒரு பக்க விளைவு ஏற்பட்டது. அம்மாவின் வகிடு கோணலாகிவிட்டது. அலுவலகத்தில் யாரோ அதைப் புது மாதிரி என்று பாராட்டியதால், அம்மா அதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.

கடைசியாக, அப்பாவின் வலது ஷூவுக்குள் ஒரு மெல்லிய அட்டை வைத்தேன். என் ஆண்டு மலரின் அட்டைதான், தரமான அட்டை. இதைக் கேட்டதும் உங்கள் முகம் மாறுவது தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அதுவரை நான் சொன்னது பொய். அட்டை வைத்த பிறகு அப்பா நிஜமாகவே இடது பக்கம் சாய்ந்தார். ஒரு பொய்யை உண்மையாக்கியவனை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நேர்மையானவன் என்று அழைக்கிறேன்.

விளையாட்டு விழா நெருங்கியது. ஒரு மாலை நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா பள்ளியிலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றார். தரையில் ஓடுகிற டைல்ஸ் கோட்டைக் காட்டினார். "இது மேல நடக்கிறேன். நேரா வர்றேனா பாரு. எனக்காகப் பொய் சொல்லாத."

நடந்தார். கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, சுவர் வரை போய்த் திரும்பி வந்தார். அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதுதான் முதல் தடவை.

"லேசா இடது பக்கம்ப்பா" என்றேன்.

தலையாட்டினார். அப்பா தலையாட்டி நான் பார்த்ததே இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது, இந்த வருஷம் அணிவகுப்புக்கு முன்னால் தான் நடக்கப்போவதில்லை என்றும், கணக்கு ஆசிரியரை நடக்கச் சொல்லிவிட்டதாகவும் அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்டாள்.

"முன்னாடி போறவன் கோணலா போனா, பின்னாடி வர்ற பிள்ளைங்க எப்படி நேரா வரும்?"

அதன் பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். முதுகில் ஈரத்துண்டு படுவது கூட அவருக்குத் தெரியவில்லை.

எனக்குக் குற்ற உணர்வு எதுவும் வரவில்லை என்பதைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு. எல்லோரும் எழுந்து போன பிறகு ஷூவிலிருந்து அட்டையை எடுத்ததும், கண்ணாடியின் ஆணியைப் பழைய இடத்துக்கு நகர்த்தியதும், வீட்டு ஒழுங்கில் எனக்கு இருக்கும் அக்கறையால்தான். காலையில் அப்பா பள்ளிக்கு நடந்தே போய்விட்டார். தன்னை நம்பி ஸ்டியரிங்கைக் கொடுக்க முடியாது என்றாராம். அதனால் காரை எடுத்துக்கொண்டு, தொழில்முறையில் ஓர் ஒப்பீடு செய்து பார்க்கும் நோக்கத்தோடு, தெருமுனை மெக்கானிக் கடைக்குப் போனேன்.

அங்கே உட்கார வேறு இடம் இல்லை. அதனால்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ கொடுத்தார்கள். மறுப்பது மரியாதை இல்லை. சூடாக இருந்ததால் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

மெக்கானிக் காரைத் தூக்கிவிட்டு அடியில் நின்று பார்த்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உடைஞ்சது இடது பக்கம் கிடக்குது. புதுசு வலது பக்கம் இருக்குது. யாரு தம்பி பார்த்த வேலை?"

"எங்க அப்பா" என்றேன். "பாவம், அவருக்கு இடது வலது கொஞ்சம் தகராறு."

மெக்கானிக் காரின் எண்ணைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "இது சார் வண்டி. சாருக்கா இடது வலது தகராறு?"

அவருக்கும் தொப்பை உள்ளே போனதை அப்போதுதான் கவனித்தேன். இந்த ஊரில் பாதிப் பேர் என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பாதியில் இவரும் ஒருவர். மல்லாந்து படுத்துப் பார்த்தியா என்று கேட்டார். தலையாட்டினேன். தெரிஞ்சும் மாட்டினியா என்றார். தலையாட்டினேன். சார் இந்த வருஷம் முன்னாடி நடக்கலையாமே, என் பையன் அந்த வரிசையில இருக்கான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா, சாயுறது அவருதான்னு நம்ப வெச்சியா என்றார். அதற்கும் ஆட்டினேன். கழுத்துக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் நிறுத்துவது கடினம்.

அவர் போனை எடுத்தார். பேசும்போது இரண்டு குதிகால்களும் தாமாகச் சேர்ந்துகொண்டன.

"சார், வணக்கம் சார். சாஞ்சது கார்தான் சார். நீங்க இல்ல."

அந்தப் பக்கம் அணிவகுப்பு ஒத்திகையில் பிள்ளைகள் காலடி வைக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக் போனை என்னிடம் நீட்டினார்.

"எந்தப் பக்கம்டா உடைஞ்சிருந்தது?" என்று கேட்டார் அப்பா.

"இடது பக்கம்ப்பா."

"உன் இடதா, காரோட இடதா?"

தலையாட்டினேன். போனில் அது கேட்காது என்பது தெரியும். ஆனால் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த நொடி மைதானமே அதிரும்படி ஒரு கட்டளைக் குரல் எழுந்தது, கணக்கு சாரைப் பின்னால் போகச் சொல்லி. கடையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள்.

நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு ஸ்பிரிங்கையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் காருக்கு அடியிலிருந்து சொன்னார். ஆட்டினேன். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை, பார்த்து உட்காரு தம்பி என்றும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன். கடைதான் லேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது.