டிரம்ஸ் மைக்கில் விழுந்த குரல்

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் குறிக்கப்பட்டுள்ளன, அவை சரியானவை. வயது நாற்பத்துநான்கு. கண் பரிசோதனையில் பட்டம் பெற்று, கடைவீதியில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. மேற்படி முகவரியில் தாயாருடன் குடியிருக்கிறேன். 'பிணவறை' என்ற இசைக்குழுவில் தொடக்கத்திலிருந்து பாடகியாக இருந்து வருகிறேன். பேய், பிணம், புதைகுழி பற்றிய பாட்டுகளை வேகமாகவும் கூச்சலாகவும் பாடும் பங்க் குழு அது. முகத்துக்கு வெள்ளையும் கண்ணைச் சுற்றிக் கரியும் பூசிக்கொண்டு மேடை ஏறுவோம். மேடையில் என் பெயர் 'கூகை'. டிரம்ஸ் வாசிப்பவன் என் உடன்பிறந்த தம்பி. கிட்டார் வாசிப்பவரைத் 'தாடி' என்று அழைப்போம். இப்போது அவருக்குத் தாடி இல்லை. பாஸ் கிட்டார் வாசிப்பவர் எதிலும் கருத்துச் சொல்வதில்லை, இந்த விஷயத்திலும் சொல்லவில்லை.

எங்கள் புதிய இசைத்தொகுப்பின் பதிவு தொடங்கவிருந்த சமயத்தில் என் குரல்நாணில் சிறு கட்டி இருப்பதாக மருத்துவர் கூறி, அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார். அதற்கு முன்பாக டிரம்ஸை மட்டும் பதிவு செய்துவிடலாம் என்று முடிவாகி, அதற்கு நான் டிராக் பாடினேன். டிராக் என்பது வாசிப்பவர்கள் பாட்டின் போக்கைப் பிடித்துக்கொள்வதற்காகப் பாடப்படும் தற்காலிகக் குரல். அதைத் தனிக் கண்ணாடி அறையில் நின்று பாடுவதே வழக்கம். என் தம்பிக்கு அது ஒத்துவரவில்லை. சிறு வயதில் கட்டில் கம்பியில் தட்டிப் பழகிய காலத்திலிருந்தே அவன் நான் மூச்சு இழுப்பதைப் பார்த்துத்தான் அடி எடுப்பான்.

"அங்க நின்னா நீ மீன்தொட்டிக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கே. இங்க வந்து பாடுக்கா, அப்பத்தான் எனக்குக் கை ஓடும்" என்றான்.

ஒலிப்பதிவாளர் என்னிடம், "பக்கத்துல நின்னு பாடினா டிரம்ஸ் மைக் எல்லாத்துலயும் உங்க குரல் விழும்மா. அப்புறம் எடுக்கவே முடியாது" என்று எச்சரித்தார்.

அதற்கு என் தம்பி, "எடுக்கவா போறோம்? எங்க அக்காதானே பாடப்போறா" என்றான்.

அதன் பிறகு நான் அவன் பக்கத்தில் நின்று எல்லாப் பாட்டையும் பாடினேன். அதன் பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. பேசவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் என் தம்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஃபோனைப் பார்த்தபடியே, "நீ ரெஸ்ட் எடுக்கா. ஸ்டூடியோக்காரங்க நமக்காகக் காத்திருக்க மாட்டாங்க. ஆல்பத்துக்கு மட்டும் ஒரு புதுப் பொண்ணு பாடட்டும்" என்றான். எனக்குப் பேச அனுமதி இல்லாததால் பதில் சொல்லவில்லை. அதை அவர்கள் என் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதாகப் பின்னர் அறிந்தேன்.

புதுப் பெண் பாடி முடித்த பிறகு, அவள் நிறுத்தும் இடங்களிலெல்லாம் பின்னால் என் குரல் கேட்டதாகவும், சில இடங்களில் அவளுக்கு முன்பாகவே என் குரல் ஓடிவிட்டதாகவும் ஒலிப்பதிவாளர் பின்னர் என்னிடம் தெரிவித்தார். டிரம்ஸை மறுபடி எடுக்கலாம் என்று புதுப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி முயன்றிருக்கிறார்கள். தம்பிக்குக் கை ஓடவில்லை. அதன் பிறகு அப்படியே இணையத்தில் வெளியிட்டுவிட்டார்கள். இது எதையும் என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அதன் பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் கண் பரிசோதனைக்கு ஓர் இளைஞர் வந்தார். அவர் சட்டையில் வெள்ளை பூசிய என் முகம் அச்சாகியிருந்தது. அதன் கீழே நான் பிறந்த ஆண்டும், ஒரு சிறு கோடும், நடப்பு ஆண்டும் இருந்தன. அவருக்கு இடது கண்ணில் பார்வைக் குறைவு. எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டே, சட்டையில் இருப்பது யார் என்று கேட்டேன்.

"கூகை மேடம். பாடிட்டிருக்கும்போதே தொண்டையிலேர்ந்து ரத்தம் வந்து செத்துட்டாங்க. ஆல்பத்துல அவங்க ஆவி பாடுது, நிஜமாவே கேக்குது. நீங்க இதெல்லாம் கேக்க மாட்டீங்க."

"எந்த லென்ஸ்ல தெளிவா தெரியுது? இதா, இதா?" என்று கேட்டேன். இரண்டாவது என்றார். அதைக் குறித்துக்கொண்டு அவரை அனுப்பினேன். அதன் பிறகு கடையின் பின்கட்டுக்குச் சென்று தம்பிக்குப் போன் செய்தேன்.

"டேய், நான் செத்துட்டேனாமே?"

"அக்கா, இரு, வெளிய வந்து பேசறேன்." சிறிது நேரம் கழித்து, "அது விளம்பரம்க்கா. பேய்ப் பாட்டு பாடறவங்களுக்கு நிஜப் பேயே கிடைச்சா விடுவாங்களா?" என்றான்.

"அந்தப் பேய் தினமும் வேலைக்குப் போகுதுடா."

"மூஞ்சில பெயிண்ட் இல்லாம உன்னை யாருக்குத் தெரியும்?"

நான் உயிரோடு இருப்பதாகவும், அந்தக் குரல் என்னுடையது என்றும் வெளிப்படையாக அறிவிக்கும்படி கேட்டேன். இப்போது போய் அப்படிச் சொன்னால் குழு பொய் சொன்னதாக ஆகிவிடும் என்று மறுத்தான்.

அன்று மாலை தாயாரிடம் முறையிட்டேன். அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அவன் சொன்னா நீ செத்தா போயிடுவே? இத்தனை வருஷம் பேய் வேஷம் கட்டினியே, அப்ப குத்தலையா? அவனை இப்பத்தான் நாலு பேர் கூப்பிடறாங்க. கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இரு" என்றார். அதன் பிறகு உலர்ந்த என் துணிகளை எடுத்து மடித்துவைத்தார்.

சம்பவத்தன்று மாலை வேலை முடிந்து, கடைச் சீருடையான வெள்ளைக் கோட்டுடனேயே இசைத்தொகுப்பின் வெளியீட்டு விழாவுக்குச் சென்றேன். மேடை நடுவில் ஒட்டுப்பலகையில் செய்த சவப்பெட்டி திறந்திருந்தது. அதற்குள் என் கறுப்பு கவுன் விரித்துவைக்கப்பட்டிருந்தது. அது சலவைக்குப் போயிருப்பதாக எண்ணியிருந்தேன். கடைசிப் பாட்டின் நடுவில் எல்லா இசையும் நின்று, பதிவில் டிரம்ஸ் அடி இல்லாத இடத்தில் அந்த மைக்கில் விழுந்த என் குரலை மட்டும் ஸ்பீக்கரில் போட்டார்கள். கூட்டம் அமைதியானது. எனக்குப் பக்கத்தில் நின்ற என் வயதுப் பெண்மணி அழுதார். "என்ன குரல் பாருங்க, பாவம். உங்களுக்கு அவங்களைப் பழக்கமா?" என்று கேட்டார். ஓரளவு பழக்கம் என்று சொல்லிவிட்டு மேடையின் பக்கப் படியில் ஏறினேன். கோட்டைப் பார்த்து அரங்க ஊழியர் என்று நினைத்த காவலாளி வழிவிட்டார்.

மேடையில் ஓரமாக இருந்த மைக்கை எடுத்து, "நான்தான் கூகை. நான் சாகலை. எனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு, அவ்வளவுதான்" என்றேன். அரங்கம் அதிரும்படி கத்தினார்கள். மறுபடி சொன்னேன், இன்னும் அதிகமாகக் கத்தினார்கள். மூன்றாம் முறை சொல்வதற்காக நான் மூச்சு இழுத்தபோது, அந்த மூச்சில் என் தம்பி டிரம்ஸை எடுத்தான். மற்றவர்களும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். அதற்கு மேல் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

புதுப் பெண் மட்டும் பாடவில்லை. என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து, மேடை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தாள். அப்போது எனக்கும் அவளுக்கும் நடுவில் சவப்பெட்டி இருந்தது. நான் அவளைத் தொடவில்லை. பெட்டியைச் சுற்றி ஓடிக் கீழே இறங்கி அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அடிபடாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, "கை சூடா இருக்கே" என்றாள். குழு அந்தப் பாட்டை முழுவதுமாக வாசித்து முடித்தது.

ஆம்புலன்ஸில் அவளுடன் நான்தான் சென்றேன். நான் இறந்துவிட்டதாகத்தான் அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "உங்க அம்மாவைப் பார்த்துத் துக்கம் கேக்கணும்னு சொன்னேன்க்கா, இப்ப வேண்டாம்னுட்டாங்க. உங்க குரல் மேல என் குரல் ஏறிடக் கூடாதுன்னு பயந்து பயந்து பாடினேன்" என்றாள். அவளுக்குத் தோள் எலும்பும் கையும் முறிந்துள்ளன.

அதன் பிறகு நான் விசாரணைக்காக இந்தக் காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டேன். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது என் தம்பியும் தாடியும் வந்தனர். நடந்ததெல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த காட்சி என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் விபத்து என்று முடிந்துவிடும், இல்லாவிட்டால் பொறாமையில் நான் தள்ளியதாகத்தான் தாங்கள் சொல்ல வேண்டிவரும் என்று தம்பி கூறினான்.

தாடி, "கோவப்படாதே. எழுந்து வந்தே பாரு, அதைத்தான் ஊரே பேசுது. அடுத்த ஷோவிலேர்ந்து நீயே பெட்டிக்குள்ளேர்ந்து எழுந்து வா. உன் இடம் உனக்குத்தான்" என்றார்.

நான் பாடலாமா என்று கேட்டேன்.

"பாடறதுக்குத்தான் டேப் இருக்கே. நீ கையைத் தூக்கிட்டு நின்னா போதும்."

என் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவர் எனக்குப் பாட அனுமதி அளித்துவிட்டார் என்று அவனிடம் சொன்னேன். "இப்ப எதுக்குக்கா அது?" என்றான்.

இது முன்கூட்டியே பேசிவைத்த காட்சியா என்று ஆய்வாளர் என்னிடம் கேட்டார். இல்லை. நான் இறந்ததாகச் சொல்லலாமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன். அழைப்பில்லாமல் நானாகத்தான் மேடை ஏறினேன். ஆய்வாளர், "இப்படிச் சொன்னா உங்க தம்பியே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்வாரும்மா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலைச் சொன்னேன்.

இதுவரை எழுதப்பட்டதை நானே படித்துப் பார்த்தேன். முதல் பத்தியில் 'பாடகியாக இருந்தேன்' என்று எழுதப்பட்டிருந்ததை 'இருந்து வருகிறேன்' என்று மாற்றச் சொன்னேன், மாற்றப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. யார் சொல்லிக் கொடுத்தும் சொல்லவில்லை. எல்லாம் உண்மை.

(கையொப்பம்)