சேத்துக் கால்

சுதர்ஷினி: வேணாங்க டீச்சர். நான் இப்பிடி வாசல்லயே நிக்கிறேன்.

மெட்டில்டா: தூத்தல்ல நனைஞ்சுகிட்டு எதுக்கு? உள்ள வந்து வாங்குல உக்காருங்க. பிள்ளைங்க வர இன்னும் அர மணித்தியாலம் இருக்கு.

சுதர்ஷினி: காலெல்லாம் சேறு. ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போயிருவேன்.

மெட்டில்டா: இன்னிக்கு வெட்டு இல்லியா?

சுதர்ஷினி: ராவெல்லாம் பேஞ்சு ரப்பர் மரமெல்லாம் ஈரம். எங்க பால் வெட்டுறது? இல்லாட்டி இந்த நேரம் நான் மலையிலல்ல நிப்பேன்.

மெட்டில்டா: டிலுக்ஷி எங்க?

சுதர்ஷினி: மத்த புள்ளைங்களோட பின்னால வாரா. நம்ம பேசுறது அவ காதுல விழ வேணாம்னுதான் முந்தி வந்தேன்... டீச்சர், கேட்டா கோவிச்சுக்கக் கூடாது.

மெட்டில்டா: நான் எப்பங்க கோவிச்சேன்?

சுதர்ஷினி: ...இப்பல்லாம் கோவிக்கிறதில்லதான்.

மெட்டில்டா: சரி, கேளுங்க.

சுதர்ஷினி: எம் புள்ள கால நீங்க கழுவுறீங்களாமே?

மெட்டில்டா: ஆமா.

சுதர்ஷினி: அனே! இல்லன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

மெட்டில்டா: எப்பிடி இல்லன்னு சொல்ல? இந்தா வாளி, இந்தா பேசின், இந்தா துவாய். ரெண்டு வருசமா இதே எடத்துலதான் இருக்கு.

சுதர்ஷினி: எல்லாப் புள்ள காலையுமா?

மெட்டில்டா: உங்க மேக்கணக்கு லயத்துல இருந்து நடந்து வாரவங்க பதினோரு பேர். ரப்பர் காட்டுக்குள்ளாற ரெண்டு மைல். வந்து சேரும்போது ஒவ்வொரு காலுலயும் நாலு அட்டை தொங்கும். உப்புத் தண்ணி வச்சு எடுத்து, கழுவி, தொடச்சு விடுவேன்.

சுதர்ஷினி: நீங்க முட்டி போட்டா?

மெட்டில்டா: நின்னுகிட்டே கழுவ எனக்கு அவ்வளவு நீளக் கை இல்லையே.

சுதர்ஷினி: சிரிக்காதீங்க டீச்சர். பாவம் அது! சரஸ்வதி பூசைக்கு வாத்தியார் கால்ல விழுந்து கும்பிடணும்னுதான் நாங்க புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். நீங்க என்னடான்னா அதுங்க கால்ல விழுறீங்க. அந்தப் பாவம் எம் புள்ள தலையிலதானே விடியும்?

மெட்டில்டா: விடியாது.

சுதர்ஷினி: உங்க வேதத்துல விடியாது. எங்களுக்கு?

மெட்டில்டா: ...அது சரி. அத நான் யோசிக்கல. உங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கணும்.

சுதர்ஷினி: இன்னொண்ணும் இருக்கு. தலைவர் சொல்றாரு...

மெட்டில்டா: யோகராஜ் தலைவரா?

சுதர்ஷினி: அவரேதான். யூனியன் வேலய விட்டுட்டு இப்ப இதுதான் அவருக்கு வேல. போன ஞாயித்துக்கெழம லயத்து வாசல்ல புள்ளைங்க வெளையாடுதுங்க. எம் புள்ளதான் டீச்சராம். மத்ததுங்கல்லாம் வரிசையா கால நீட்டிக்கிட்டு இருக்க, இவ சொம்பு சொம்பா தண்ணி ஊத்துறா. தலைவர் பாத்துட்டாரு. இதுதான் ஞானஸ்நானம், தண்ணி ஊத்தி வேதத்துல சேக்குறாங்கன்னு லயத்தையே கூட்டிட்டாரு.

மெட்டில்டா: ஞானஸ்நானம் தலையில ஊத்துறதுங்க. கால்ல இல்ல.

சுதர்ஷினி: கால்ல ஆரம்பிச்சுத் தலைக்கு வருவாங்களாம்.

மெட்டில்டா: பாருங்களேன்... எனக்குக் கூட அப்பிடித் தோணல.

சுதர்ஷினி: சிரிங்க, சிரிங்க. பெட்டிசம் எழுதியாச்சு. உங்கள மாத்தச் சொல்லி கல்வி ஆபீசுக்கு. இருபத்தாறு பேர் கையெழுத்து வச்சிட்டாங்க.

மெட்டில்டா: ...ம். கேள்விப்பட்டேன். நீங்க?

சுதர்ஷினி: என் பேருக்கு நேரா மட்டும் வெறுமனே கெடக்கு. தண்ணி ஊத்தி வெளையாடுனது எம் புள்ளதானே. அதுக்கு அம்மா கைநாட்டு இல்லாம அனுப்புனா எடுபடாதாம். இன்னிக்குச் சாயந்தரம் தலைவர் ரத்னபுரிக்குப் போறாரு. இந்தா, இந்தப் பையில... உங்ககிட்ட நேர்ல கேட்டுக்கலாம்னு வந்தேன்.

மெட்டில்டா: சரி. கேளுங்க.

சுதர்ஷினி: எம் புள்ளைய வேதத்துல சேக்குறீங்களா?

மெட்டில்டா: இல்ல.

சுதர்ஷினி: மாதாவக் கும்பிடச் சொன்னீங்களா?

மெட்டில்டா: ஒரு நாளும் இல்ல. காலையில தேவாரம் பாட உங்க பிள்ளதான் முன்னால நிக்கிறா. மூக்கால பாடுறா, ஆனா நல்லா பாடுறா.

சுதர்ஷினி: அவுங்க அப்பா மாதிரி... அப்ப கால் எதுக்குங்க டீச்சர்? எழுத்துச் சொல்லிக் குடுங்க, கணக்குச் சொல்லிக் குடுங்க. அது போதுமே. நீங்க என்னா நர்ஸம்மாவா?

மெட்டில்டா: நான் வேதக்காரி. அத மறைக்கல. எங்க கோயில்ல பெரிய வியாழன்னு ஒரு நாள் வரும். ஏசு சாகுறதுக்கு மொத நாள். அன்னிக்கு ராத்திரி சீஷப் பிள்ளைங்களையெல்லாம் உக்கார வச்சு, குரு துண்டக் கட்டிக்கிட்டு அவங்க கால கழுவினாரு. அத நெனச்சு வருசா வருசம் பாதர் பன்னெண்டு பேரு கால கழுவுவாரு.

சுதர்ஷினி: குரு கழுவ வந்தா சீஷப் பிள்ளைங்க சும்மாவா விட்டாங்க?

மெட்டில்டா: ஒருத்தர் விடல. நீங்க போயி எங்கால கழுவுறதான்னு மல்லுக்கு நின்னாரு.

சுதர்ஷினி: நல்ல மனுசன்.

மெட்டில்டா: நல்ல மனுசன்தான். ஆனா குரு விடல... படிப்புன்னா என்னங்கிறத நான் அதுலருந்துதான் எடுத்துக்கிட்டேன். பைபிளப் படிச்சுக் குடுக்க இல்ல. படிச்சுக் குடுக்குறவ எங்க இருக்கணும்ங்கிறத மட்டும். பலகைக்கிட்ட நின்னா எனக்கு எல்லாப் புள்ளையும் ஒரே மாதிரிக் கறுப்புத் தலை. கீழ உக்காந்தாத்தான் ஒவ்வொண்ணோட மூஞ்சியும் தெரியுது.

சுதர்ஷினி: மூஞ்சியப் பாத்தா கணக்கு வந்திருமா?

மெட்டில்டா: டிலுக்ஷிக்கு வந்திச்சே! ஒரு வருசமா கடைசி வாங்குல இருந்து எழுதாம முழிச்சுக்கிட்டே இருந்தா. சோம்பேறின்னு நெனச்சேன். ஒரு நாள் கால் தொடைக்கும்போது மெதுவாச் சொல்றா, டீச்சர், பலகையில எழுத்தெல்லாம் புகையாத் தெரியுதுன்னு.

சுதர்ஷினி: இப்ப போட்டிருக்காளே கண்ணாடி... அது வேணும்னு அப்பிடித்தான் தெரிஞ்சுதா?

மெட்டில்டா: அப்பிடித்தான். உங்ககிட்டச் சொல்லலியா?

சுதர்ஷினி: சொல்லல. செலவு வைக்கிறேன்னு ஏசுவேன்னு பயந்திருப்பா... என்கிட்ட சொல்லாதத உங்ககிட்ட சொல்லியிருக்கா.

மெட்டில்டா: உங்க கால்ல அட்டை கடிச்சுகிட்டிருக்கு பாருங்க. ரத்தம் வருது. உப்புத் தண்ணி எடுக்குறேன், இருங்க.

சுதர்ஷினி: கெடக்கட்டும். குடிச்சிட்டுத் தானா விழும். நீங்க பேசுங்க... முன்னல்லாம் நீங்க இப்பிடி இல்லியாமே. மொத மொத இந்த ஸ்கூலுக்கு வந்தப்ப, பெரம்பு இல்லாம நடக்க மாட்டீங்களாம்.

மெட்டில்டா: யார் சொன்னது?

சுதர்ஷினி: லயத்துல பேசிக்குவாங்க.

மெட்டில்டா: பொய்யில்ல. இருபத்திமூணு வயசு எனக்கு. மொத நியமனம். டவுன்ல இருந்து வந்தவ. சுத்தமும் ஒழுங்குந்தான் கடவுள்னு நெனச்சேன். சேத்துக் காலோட ஒரு புள்ளையும் இந்தப் படிய மிதிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டேன்.

சுதர்ஷினி: ம்.

மெட்டில்டா: ஒரு நாள் நல்ல மழ. மூணாம் வகுப்புப் பொம்பளப் புள்ள ஒண்ணு வந்திச்சு. ரெண்டு காலுலயும் சேறும் ரத்தமும். வாசல்லயே நிறுத்திட்டேன்.

சுதர்ஷினி: எவ்வளவு நேரம்?

மெட்டில்டா: இண்டர்வெல் வரைக்கும். மழைக்குள்ள. இது என்ன மாட்டுத் தொழுவமான்னு வேற கேட்டேன். எல்லாப் புள்ளைங்களும் சிரிச்சிச்சு. அதுங்க சிரிச்சது... எனக்கு நல்லாத்தான் இருந்திச்சு. மாட்டுத் தொழுவத்துல பொறந்தவரக் கும்பிடுறவ, அதையே அந்தப் புள்ளையப் பாத்துக் கேட்டேன்.

சுதர்ஷினி: அப்புறம்?

மெட்டில்டா: அன்னிக்குப் பெரிய வியாழன். சாயந்தரம் கோயிலுக்குப் போனேன். பன்னெண்டு பேர்ல ஒருத்தர் பால் வெட்டுறவர். வெடிச்சுப் போயி, அட்டை கடிச்ச தழும்போட, அதே மாதிரிக் கால். பாதர் முட்டி போட்டுக் கழுவி, குனிஞ்சு அந்தக் கால முத்தம் குடுத்தாரு. என்னால அங்க இருக்க முடியல. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

சுதர்ஷினி: அந்தப் புள்ள?

மெட்டில்டா: அதுக்கப்புறம் ஸ்கூலுக்கே வரல. லீவு முடிஞ்சதும் லயத்துக்குத் தேடிப் போனேன். கதவு சாத்தியிருந்திச்சு. அப்பன் மாணிக்கக் குழி வேலைக்குப் போயிட்டான், குடும்பமே போயிருச்சுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அடுத்த வருசம் எனக்கும் ட்ரான்ஸ்பர். எங்கெங்கயோ சுத்தி, ரெண்டு வருசத்துக்கு முன்னால திரும்ப இங்கயே போட்டாங்க. மொத நாளே பேசின் வாங்கிட்டேன்.

சுதர்ஷினி: அப்ப... எம் புள்ள கால்ல நீங்க உங்க பாவத்தக் கழுவுறீங்க.

மெட்டில்டா: ...ஆரம்பத்துல அப்பிடித்தான். பொய் சொல்ல மாட்டேன். இப்ப அப்பிடி இல்ல. இப்ப அதுங்க மூஞ்சியப் பாக்காம எனக்குப் பாடம் ஓடாது.

சுதர்ஷினி: குடும்பம் போகல டீச்சர்.

மெட்டில்டா: என்னது?

சுதர்ஷினி: அப்பன் மட்டுந்தான் குழிக்குப் போனாரு. அம்மா வெட்டுக்குப் போயிட்டாங்க. புள்ள கட்டிலுக்கு அடியில இருந்திச்சு. நீங்க மூணு தடவ கதவத் தட்டினீங்க. ரோஸ் கலர் சீல. கதவுச் சந்துல அதோட கர மட்டும் தெரிஞ்சிச்சு.

மெட்டில்டா: தெறந்திருக்கலாமே... தெறந்திருக்கக் கூடாதா...

சுதர்ஷினி: அடிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்.

மெட்டில்டா: மன்னிப்புக் கேக்க வந்தேன் சுதர்ஷினி.

சுதர்ஷினி: ...நான்தான்னு சொன்னதும் நீங்க திடுக்கிடவேயில்ல.

மெட்டில்டா: எனக்குத் தெரியும்.

சுதர்ஷினி: எப்ப இருந்து?

மெட்டில்டா: டிலுக்ஷிய ஒண்ணாம் வகுப்புல சேக்க வந்தீங்களே, அன்னிக்கே. உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு எத்தன தடவ கூப்பிட்டேன்? படிக்கு வெளிய நின்னுகிட்டே அட்மிஷன் பாரத்துல கைநாட்டு வச்சீங்க. பெற்றார் கூட்டம்னாலும் அங்கதான் நிக்கிறீங்க. நான் நிறுத்தின அதே எடம்.

சுதர்ஷினி: ரெண்டு வருசமா தெரிஞ்சுகிட்டேவா பேசாம இருந்தீங்க?

மெட்டில்டா: வெக்கம். நீங்க?

சுதர்ஷினி: பயம். எம் புள்ள உங்க கையிலல்ல இருக்கா... அப்பல்லாம் எனக்கு என் பேர எழுதத் தெரியும் டீச்சர். அப்புறம் மறந்துருச்சு.

மெட்டில்டா: அந்தப் பெட்டிசத்துல கைநாட்டு வைக்கிறதுன்னா வைங்க. அந்த இருபத்தாறு பேர விட உங்களுக்குத்தான் அதுக்கு உரிம. நான் இதையெல்லாம் சொன்னது அதத் தடுக்க இல்ல.

சுதர்ஷினி: தெரியும்.

மெட்டில்டா: ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தண்ணி இருக்கு. அந்தக் கால நீட்டுங்க.

சுதர்ஷினி: வேணாம்.

மெட்டில்டா: பாவம்னுதானா?

சுதர்ஷினி: பாவம்னு இல்ல. அன்னிக்குக் கழுவாம உள்ள வராதேன்னீங்க. இன்னிக்கு நீங்களே கழுவி உள்ள விடுறீங்க. நல்லதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா சேத்துக் கால் இன்னும் வெளியதானே நிக்குது? கோவிச்சுக்கிட்டீங்களா?

மெட்டில்டா: இல்ல. ரெண்டு வருசமா முட்டி போடுறேன்... இது எனக்குத் தோணவேயில்ல.

சுதர்ஷினி: அட்டைய எடுங்க, உப்பு வைங்க. மொதல்ல புள்ளைய உள்ள வரச் சொல்லிட்டு அப்புறமா செய்ங்க.

மெட்டில்டா: தரையெல்லாம் சேறாயிருமே.

சுதர்ஷினி: தரையக் கழுவுங்க! வெட்டு இல்லாத நாள்ல நானும் வந்து கழுவுறேன். தரைக்கு ஒரு பாவமும் வராது.

மெட்டில்டா: சரி... தரையக் கழுவுவோம். இப்ப பெட்டிசத்துக்கு என்ன சொல்றீங்க? பிள்ளைங்க வார சத்தம் கேக்குது.

சுதர்ஷினி: பையில பெட்டிசம் ஒண்ணும் இல்ல டீச்சர். கைநாட்டு வைக்காம நேத்தே அத தலைவர்கிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். அந்தப் புள்ளைய நீங்க மறந்துட்டீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்... கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கழுவாத காலோட உள்ள வாரேன்.