ஆட்சேபணை இல்லை

— நானூத்திப் பன்னெண்டு கையெழுத்துங்க! அந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி கருத்துக் கேட்புக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எண்ணிக் காட்டினார்.

— கட்டின புருஷன் சொல்றேன், முதல்ல உக்காரு தாயே. தண்ணியைக் குடி.

— எந்தத் தண்ணியை? நம்ம குழாய்ல இன்னிக்கு என்ன கலர்?

— நீலம். நேத்து ரோஸ். கேன் தண்ணி வச்சிருக்கேன், அதைக் குடி.

— விளையாட்டா இருக்கா உங்களுக்கு? நீங்க வேலை பாக்குற சாய ஆலை கால்வாய்ல இன்னொரு கழிவுக் குழாய் விடப் போகுது. வேண்டாம்னு சொல்ல நான் எழுந்து நிக்கிறேன். "உங்க தெருவே சம்மதிச்சாச்சேம்மா"ன்னு ஒரு நோட்டைத் தூக்கிக் காட்டுறாரு. என் நோட்டுங்க அது!

— எந்த நோட்டு?

— துணிப்பை கொடுத்த நோட்டு. உங்க ஆலை துணி கொடுத்துச்சு, நான் தைச்சேன். பிளாஸ்டிக்கை விட்டுடுங்கன்னு வீடு வீடா ஏறி இறங்கி, ஆளுக்கு ஒண்ணு கொடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்கி, கணக்குக்காக ஆலைக்குக் கொடுத்தேன். இப்ப பாத்தா ஒவ்வொரு பக்கத்துலயும் மேல, "புதுக் குழாய் அமைக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை"ன்னு இருக்கு.

— அடப் பாவமே.

— மாடி வீட்டு டீச்சர் என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. அவங்க பொண்ணுக்கு ரெண்டு கையிலயும் சொறி. அந்த அம்மா முன்னாடி பேனாவை நீட்டினதே நான்தான்.

— உன் மேல தப்பு இல்லம்மா. நல்லதுதானே பண்ணினே? நம்மால ஆனதை நாம பண்றோம். நான் அரை வாளியிலதான் குளிக்கிறேன். இந்த உடம்புக்கு அரை வாளின்னா, முதுகு நனைஞ்சே ஒரு வருஷம் ஆச்சு.

— பல் தேய்க்கும்போது குழாயை மூடுன்னு சுவத்துல எழுதி வேற ஒட்டினீங்க.

— மூடுறோம்ல?

— நம்ம வீட்டுல நாலு பேரும் ஆயுசு பூரா மூடி மூடி மிச்சம் பிடிக்கிறதை, உங்க ஆலை ஒரே காலைப் பொழுதுல கெடுத்துடுது. அவங்கவங்க குளியலறைக்குள்ள எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருந்தோம். என்னிக்காவது ஒண்ணா சேந்து அந்த ஆலை கேட்டுக்கு முன்னாடி நின்னோமா?

— நான் தினமும் நிக்கிறேனே. எட்டரை மணிக்கு, அடையாள அட்டையோட.

— சிரிப்பு வரல.

— எனக்கும் வரல. வாய் பழகிப் போச்சு.

— பக்கத்துக்குப் பக்கம் மேல ரெண்டு வரி இடம் விட்டுக் கையெழுத்து வாங்குன்னு எனக்குச் சொன்னது யாரு?

— அது... ஆபீஸ் வழக்கம். தேதி, தெருப் பேரெல்லாம் போடணும்ல.

— அந்த ரெண்டு வரியை நான் கிட்டப் போய்ப் பாத்தேங்க. இருபத்தாறு வருஷமா நம்ம வீட்டு மளிகைச் சீட்டுல பாக்குற எழுத்து அது.

— இரு, அந்தக் கேன் தண்ணியை எடுத்துட்டு வரேன்.

— என்ன, ஜோக் ஒண்ணும் கிடைக்கலையா?

— நான் எழுதலைன்னா வேற ஒருத்தன் எழுதியிருப்பான் தாயே.

— அவன் எழுதியிருந்தா அவனைத் திட்டிட்டு நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பேன்.

— ஆலை ஸ்டோர்ல கணக்கெழுத மூணு பேர் இருக்கோம். ரெண்டு பேரே ஜாஸ்தின்னு மேனேஜர் வாரா வாரம் சொல்றாரு. அம்பத்திரண்டு வயசுல இந்த மூஞ்சியை எவன் வேலைக்கு எடுப்பான்? இருபத்தோரு பக்கம். எழுதி எழுதி விரல் மரத்துப் போச்சு. நீதான் அன்னிக்குத் தைலம் தேச்சு விட்டே.

— ஐயோ, தேச்சேனே! எந்த வேலை செஞ்ச கைன்னு கேக்காம தேச்சேனே!

— கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

— எழுதினது யாருன்னு சாட்சியோட வந்து சொன்னா அந்த நோட்டு செல்லாதாம். அந்த அதிகாரி வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்காரு. வாங்க, நாளைக்கே போவோம்.

— வேலை போயிடும்.

— போகும்.

— உனக்குப் புருஷன் வேணுமா, கால்வாய் வேணுமா?

— ரெண்டும் வேணும். நாறாம வேணும்.

— இங்க பாரு. இனிமே உன்கிட்ட மறைக்கல. கையெழுத்தெல்லாம் வாங்கி முடிச்ச பிறகுதான் எழுதினேன். மேனேஜர் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல, இருபத்தோரு பக்கமும் நான்தான் எழுதினேன். போதுமா? வேணும்னா உன் கால்ல விழறேன். ஆனா நம்ம வாசலைத் தாண்டி ஒரு மனுஷன்கிட்டயும் இதைச் சொல்ல மாட்டேன்.

— நீங்க வாசலைத் தாண்ட வேண்டாங்க. நான் தெருவையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்து, கதவைச் சாத்தாமத்தான் பேசினேன். டீச்சர்! படிக்கட்டுல கடைசியா உக்காந்திருக்கிறவங்க வரைக்கும் கேட்டுச்சா?