கடைசிப் பக்கத்துப் படம்

— மைக்கை அணைச்சுட்டுப் பேசுங்க, டெல். இது உங்க பாட்காஸ்ட் இல்லை. என் வீட்டுக்காரர் ஓரின் மலைக்கு வேட்டைக்குப் போயி இன்னியோட நாலு நாளு, இன்னும் திரும்பலை.

— அணைச்சாச்சு, மார்லிஸ். சத்தியமா அணைச்சாச்சு. உக்காருங்க. காப்பி குடிக்கிறீங்களா?

— காப்பி குடிக்கவா எண்பது மைல் வண்டி ஓட்டிட்டு வந்தேன்? மூணு மணிக்குப் பனிப்புயல் வருதாம். அதுக்கப்புறம் ஹெலிகாப்டரை எடுக்க முடியாதுன்னு ஷெரீஃப் சொல்லிட்டாரு. இப்பவே மணி பன்னெண்டு.

— எங்க தேடுறாங்க?

— நீர்நாய் ஓடையில. போன மாசம் பாட்காஸ்ட்ல நீங்க தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடினீங்களே, ஹாஸ்கல் கிழவரோட வேட்டைப் புத்தகம், அதுல அப்படித்தான் போட்டிருக்கு. பெரிய எல்க் மானெல்லாம் அங்கதான்னு. ஓரின் அந்தப் புத்தகத்தோடதான் கிளம்பினாரு. நான்தான் ஷெரீஃப்கிட்ட சொன்னேன். ஆனா அங்க அவரு வண்டியக்கூடக் காணோம்.

— ஐயோ, மார்லிஸ். அது பொய்ப் பேரு. தான் சுடுற இடத்தை எந்த வேட்டைக்காரன் பேர் சொல்லி எழுதுவான்? ஓடைப் பேரையெல்லாம் மாத்திப் போட்டுட்டுத்தான் கிழவர் செத்தாரு.

— பள்ளிக்கூடத்துல சமைக்கிறவ நான், எனக்கு என்ன தெரியும்? சரி, நிஜ இடம் எது?

— அது... எனக்கும் தெரியாது.

— "எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்"னு பாட்காஸ்ட்ல சிரிச்சீங்களே? பாத்திரம் கழுவிக்கிட்டே நானும்தான் கேட்டேன்.

— அது கேக்கறவங்களை இழுக்கச் சும்மா விட்ட பீலா. சத்தியமா...

— அந்தச் சத்தியத்தை விடுங்க. பில்லிங்ஸ் ஊர்ல நடந்த வேட்டைக் கண்காட்சியில ஓரின் உங்களைப் பாத்தாரு. புத்தகத்தை நீட்டி, அந்த இடம் எங்கன்னு கேட்டாரு. கடைசிப் பக்கத்துல பென்சில்ல படம் போட்டுக் கொடுத்தீங்க. 'டெல் யாருக்கும் சொல்லாததை எனக்குச் சொல்லிட்டாரு'ன்னு ரெண்டு நாளு அதையே தடவிக்கிட்டு இருந்தாரு மனுஷன். எனக்குக்கூடக் காட்டலை. உன் வாயில நிக்காதுன்னாரு. நீர்நாய் ஓடைக்குத்தான் வழி போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்.

— ஓரின்... உசரமா, சிவப்புத் தாடி வெச்சிருப்பாரே, அவரா?

— தாடியே கிடையாது.

— கேளுங்க, மார்லிஸ். நான் போட்டது நிஜ இடம் இல்லை. நச்சரிக்கறவங்களை ஏதாவது ஒரு ஓடைக்கு அனுப்பி விடுறது, வேட்டைக்காரங்க நாங்க எல்லாரும் பண்றதுதான். நாலு நாளு அலைஞ்சுட்டு, வெறுங்கையோட திரும்பிடுவாங்கன்னு நினைச்சுத்தான்...

— பொய்யா இருந்தா என்ன? அதை நம்பித்தானே போயிருக்காரு? அப்ப அங்கதான் இருக்காரு. கடவுளே, அங்கதான் இருக்காரு. உங்களை அப்புறமா திட்டிக்கிறேன். இந்தாங்க போன், ஷெரீஃப் லைன்ல இருக்காரு. ஓடை பேரைச் சொல்லுங்க.

— மார்லிஸ்...

— ஏன் போனைத் திருப்பி என்கிட்டயே நீட்டுறீங்க? ஒரு பேரு, டெல். ஒரே ஒரு பேரு.

— அன்னிக்கு நாப்பது பேரு புத்தகத்தை நீட்டினாங்க. ஆளுக்கு ஒரு ஓடை போட்டுக் கொடுத்தேன்.