சோப்புப் பெட்டிக்கு ஒரு பிளக்

அன்று மேடையில் நான் ஒன்றைச் சொல்லவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பும் அம்மா, காரை நிறுத்தியதும் மாடிக்கு வந்துவிடுவதில்லை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். பாட்டு கேட்பதில்லை, போன் பார்ப்பதில்லை. அந்த அரை மணி நேரம் யாரும் அவளை எதற்கும் கூப்பிட முடியாது. இதைச் சொல்லியிருந்தால் கூட்டம் இளகியிருக்கலாம். ஆனால் அது அவளுடையது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் மனு கொடுத்தால் மட்டும் காரியம் நடக்காது. கோரிக்கை வைப்பவர் தரைத்தள அரங்கில் மேடையேறி, முறைப்படி அவைக்கு வணக்கம் சொல்லி, பத்து நிமிடமாவது பேச வேண்டும். பிறகுதான் கை தூக்கச் சொல்வார்கள். தலைவருக்கு மேடைப்பேச்சு என்றால் உயிர். நானோ கடையில் மிச்சச் சில்லறை கேட்கவே கூசுகிறவள். ஆனாலும் பேசினேன். பேசியது இதுதான்:

ஆடுகிற நாற்காலியிலும் ஆடாமல் அமர்ந்து அவையை ஆளும் தலைவர் அவர்களே! ஒரே கடிதத்தில் ஒன்பது முறை ‘ஆட்சேபம்’ என்று எழுதும் ஆற்றல் படைத்த செயலாளர் அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் பெரியோர்களே! நடுவரிசையில் அமர்ந்து, என்னையும் கேட்டு, பக்கத்து வீட்டுக் கதையையும் கேட்கும் இரட்டைச் செவித் தாய்மார்களே! பின்சுவரில் சாய்ந்தபடி ‘எப்போது முடியும்?’ என்று கண்ணாலேயே கேட்கும் என் வயதுத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கைதட்டாதீர்கள். இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேட்க வந்தது அரண்மனையா? அல்ல. அரியணையா? அல்ல. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், எங்கள் இடத்துத் தூணில், எங்கள் செலவில், எங்கள் தனி மீட்டரில் ஒரு பிளக். ஒரே ஒரு பிளக்! இந்த அவை மறுத்தால், நாளைக் காலை பத்து மணிக்கு எங்கள் மின்சாரக் காரை வாங்க ஆள் வருகிறார். “சார்ஜ் போட இடமில்லாத வண்டியை வெச்சுட்டு பூஜையா பண்றது?” என்று என் தந்தை வாக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் என் தாய் பழையபடி இருட்டில் எழுந்து, இரண்டு பேருந்து மாறி, மருத்துவமனை ஆய்வகத்துக்கு, ரத்தம் எடுக்கும் வேலைக்குப் போவார்.

அந்தக் காரை நீங்கள் அறிவீர்கள். அதற்குச் ‘சோப்புப் பெட்டி’ என்று பெயர் வைத்த பெருந்தகையும் இங்கேதான் இருக்கிறார். தலையைக் குனிந்து சிரிக்கிறார் பாருங்கள், அவரேதான். ஆம் ஐயா, சின்ன வண்டி! சிக்கன வண்டி! எங்களைப் போன்ற சம்பளக்காரர் வாங்கக்கூடிய வண்டி! நான்கு பேர் நட்போடு அமரலாம். ஐந்தாமவர் ஏறினால், இறங்கும்போது உறவு மிஞ்சாது. மலையைத் தாண்டுமா? அதற்கு அப்படி ஓர் ஆசையே இல்லை. புயலாய்ப் பறக்குமா? பறக்காது. ஆனால் அன்பர்களே, நம்மில் எத்தனை பேர் தினமும் மலையைத் தாண்டி வேலைக்குப் போகிறோம்? தெருமுனைக்குப் போய் முட்டை வாங்க, யானை மேலா ஏறிப் போவது?

“நீளமா பேசற, விஷயத்துக்கு வாம்மா” என்கிறீர்களா? வந்துவிட்டேன்.

என் தாய்க்குக் கார் ஓட்டும் ஆசை வந்தபோது வயது ஐம்பத்திரண்டு. பயிற்சிப் பள்ளியின் பழைய வண்டியில் பழகினார். கிளட்சுக்கு ஒரு கால், பிரேக்குக்கு ஒரு கால், ஆக்சிலரேட்டருக்கு ஒரு கால். மனிதப் பிறவிக்கு மொத்தமே இரண்டு! தேர்வு நாளில் மேட்டின் நடுவே நிறுத்திக் கிளப்பச் சொன்னார் ஆய்வாளர். வண்டி மெல்லப் பின்னால் உருண்டது.

“அம்மா, வண்டி பின்னாடி போகுது!”

“தெரியுது சார். நான் முன்னாடிதான் பாத்துட்டு இருக்கேன்.”

“பிரேக்கை மிதிங்கம்மா!”

“எது சார் பிரேக்கு? அவசரத்துல கேட்டா எப்படி?”

ஒருமுறையா தோற்றார்? இருமுறையா தோற்றார்? நான்கு முறை தோற்றார்!

“அஞ்சு! அஞ்சு தடவைடி. மேடையில நின்னுக்கிட்டு பொய் சொல்லாத.”

அவை மன்னிக்க வேண்டும். ஐந்து முறை. ஆதாரம் மூன்றாவது வரிசையில் எழுந்து நிற்கிறது.

“டிரம்மையும் சொல்லு.”

சொல்கிறேன் தாயே, உட்காருங்கள். ஐந்தாம் முறை அவர் மேட்டை வென்றார். மேட்டுக்கு அப்பால் நின்ற தார் டிரம்மையும் வென்றார். அதற்கு மதிப்பெண் கிடையாதாம்!

பிறகுதான் இந்தச் சோப்புப் பெட்டி வந்தது. கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் கவலை இல்லை, இரண்டு காலுக்குள் அடங்கும் வண்டி. ஆறாம் முறை அதே மேடு, அதே ஆய்வாளர்.

“போதும்மா, இறங்குங்க.”

“மறுபடியும் பெயிலா சார்?”

“பாஸும்மா. மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க.”

“ஆன்லயா சார் இருக்கு?”

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். என் தாயும் சிரிக்கிறார். ஆனால் சிரித்த வாய் மூடுவதற்குள் எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். காரை வாங்கினோமே தவிர, சார்ஜ் எங்கே போடுவது என்று யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு எல்லாம் தயார், மாப்பிள்ளையைத்தான் காணோம்! என் தந்தை மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு ஒயரைக் கீழே இறக்கினார். இரண்டாம் நாள் பார்த்தால், இரண்டாம் மாடியில் அதன்மேல் நான்கு சட்டை, இரண்டு பாவாடை.

“என்னக்கா, எங்க ஒயர்ல துணி காயப் போட்டிருக்கீங்க?”

“சும்மாதானே தொங்குது. உள்ள கரண்ட் வேற ஓடுது, சீக்கிரம் காஞ்சிடும்னு போட்டேன்.”

அந்த ஒயரைக் கழற்றச் சொன்ன செயலாளருக்கு நன்றி! அவர் தடுத்தது நியாயம், நூற்றுக்கு நூறு நியாயம். தொங்குகிற ஒயர் ஆபத்து. ஆகவேதான், தூணோடு தூணாகப் பதித்து, தானே அணையும் சுவிட்ச் வைத்து, முறையான எலக்ட்ரீஷியன் போட்டுத் தரும் பிளக்கைக் கேட்கிறோம்.

“தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?” நல்ல கேள்வி, செயலாளர் அவர்களே! கீழே எத்தனை வண்டி நிற்கிறது? எத்தனை டேங்க் நிற்கிறது? அத்தனையிலும் இருப்பது பன்னீரா? பெட்ரோல்! அதன்மேல் பாய் விரித்து, அதன்மேல் தலையணை போட்டு, அதன்மேல் குறட்டையும் விடுகிற நாம், தூணிலிருக்கும் மூன்று ஓட்டையைக் கண்டு மூச்சடைத்துப் போகலாமா?

“இன்னைக்கு உனக்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க!”

கேட்கட்டும், செயலாளர் ஐயா! கேட்கட்டுமே! முதலில் யாரோ ஒருவர் கேட்டதால்தான் இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தது. முதலில் யாரோ கேட்டதால்தான் மாடிப்படிக்கு விளக்கு வந்தது. இன்று அந்த லிஃப்டில் ஏறாதவர் யார்? அந்த விளக்கை வேண்டாம் என்பவர் யார்?

அவையோரே, என் தாய் உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை. அவருக்கு அது பழக்கமும் இல்லை. ஐந்து முறை தோற்றவர், ஆறாவது முறையும் வரிசையில் நின்றார். பின்னால் உருண்ட வண்டியில் உட்கார்ந்து முன்னால் பார்த்தார். அதிகாலையில் ஊர் போர்த்திப் படுத்திருக்கையில், ஊருக்கு ஊசி போடப் போகிறார். நம்மில் பலருடைய சர்க்கரையின் அளவு நம் வீட்டாருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும்! அவரை நாளை பேருந்து நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தப் போவது எந்தக் கை? தூக்குவதற்கு முன் ஒருமுறை அந்தக் கையைப் பாருங்கள். அதே கையில்தான் அவர் ரத்தம் எடுத்திருப்பார். வலித்ததா?

வலித்திருக்காது என்று நம்பி முடிக்கிறேன். இவ்வளவு நேரம் பொறுமை காத்த தலைவருக்கும், பொறுமை காக்காமல் குறுக்கே பேசி என் கூச்சத்தைப் போக்கிய செயலாளருக்கும், என் கணக்கைத் திருத்திய என் தாய்க்கும் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். அனைவருக்கும் வணக்கம்.

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. பிறகு கைகளை எண்ணினார்கள். இரண்டு வாக்கில் தோற்றோம்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அம்மா, ஒன்பது சதவீத சார்ஜோடு வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஆய்வகத்துக்குப் பின்னால், ஆம்புலன்ஸ்கள் நிற்கும் இடத்தில் ஒரு பிளக் இருக்கிறது. “நான் டியூட்டியில இருக்கறப்ப இதுல போட்டுக்கலாமா சார்?” என்று மருத்துவமனை மேலாளரிடம் கேட்டாளாம். “போட்டுக்கோங்கம்மா, ஆகற கரண்டுக்கு மாசாமாசம் கட்டிடுங்க” என்றாராம். பத்து மணிக்கு வாங்குபவர் வந்தார். அம்மா அதற்குள் போனில் விஷயத்தைச் சொல்லியிருந்ததால், வண்டி விற்பனைக்கு இல்லை என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பினார்.